அமிகாவில் சிடி படிக்கும் மென்பொருளைச் சோதிப்பது எப்படி?

1992-ல் காமடோர் நிறுவனம் அமிகா 1200 என்ற கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதில் ஃப்ளாப்பி டிரைவ் இருந்தது, உள்ளே ஹார்ட் டிஸ்க் வைக்க இடம் இருந்தது, சிடி டிரைவ் இல்லை. சிடியோடு வந்த அமிகாக்கள் தனி ரகம்: 1991-ல் சிடிடிவி, 1993-ல் சிடி32. மற்ற மாடல்களை வைத்திருந்தவர்கள் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டினார்கள். அதைப் படிக்க வைக்கும் மென்பொருளை வேறு யாராவது எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அமிசிடிராம், ஆசிம்சிடிஎஃப்எஸ், கேஷ்சிடிஎஃப்எஸ் என்று பல வந்தன. 1994 ஏப்ரலில் காமடோர் திவாலானது. அதற்குப் பிறகும் அதன் இயங்குதளமான அமிகா ஓஎஸ் நிற்கவில்லை: 1999-ல் 3.5, 2018-ல் 3.1.4, 2021-ல் 3.2 என்று பதிப்புகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. சிடி மென்பொருளைத் திருத்தி, "போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று ஆர்வலர்கள் கேட்பதும் நிற்கவில்லை.

அப்படிக் கேட்கப்படும் சோதனையில் முதன்முறையாக இறங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பொறுமையும், ஒரு நோட்டுப் புத்தகமும், காலி சிடி சிலவும் போதும்.

புதிதாக வருபவர்களிடமிருந்து பெரும்பாலும் வரும் அறிக்கை இதுதான்: "சிடி போட்டேன், திரையில் ஐகான் வந்தது, நன்றாக வேலை செய்கிறது." இதை வைத்து, மென்பொருளை எழுதியவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஐகான் வர வேண்டுமானால் மென்பொருள் சிடியில் ஒரே ஒரு செக்டரை (சிடியின் தரவு பிரிக்கப்பட்டிருக்கும் சின்னத் துண்டுகளில் ஒன்றை) சரியாகப் படித்தால் போதும். மீதி மூன்று லட்சம் செக்டர்களைப் பற்றி அந்த ஐகான் எதுவும் சொல்லவில்லை.

மூன்று அடுக்குகள்

முதலில் எதைச் சோதிக்கிறோம் என்பதைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அடியில் இருப்பது டிரைவ், அதன் கேபிள், ஜம்பர் (டிரைவின் எண்ணை அமைக்கும் சின்னச் செருகி). அதற்கு மேலே அந்த டிரைவோடு பேசும் டிவைஸ்: அமிகாவில் இது ஸ்கசி.டிவைஸ், அட்டாபி.டிவைஸ் போன்ற பெயர்களில் இருக்கும். "இத்தனையாவது செக்டரைக் கொடு" என்றால் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. மேல் அடுக்குதான் ஃபைல் சிஸ்டம். செக்டர்களை ஃபோல்டராகவும் ஃபைலாகவும் நமக்குக் காட்டுவது அது. நாம் சோதிக்க வந்தது இந்த மேல் அடுக்கை மட்டும்.

கீழே உள்ள இரண்டும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஒழுங்காக இருந்தால்தான் மேலே தெரியும் கோளாறு ஃபைல் சிஸ்டத்தின் கோளாறு. பழைய அமிகா 1200-ன் ரோமில் (அழியாத நினைவகச் சிப்பில்) உள்ள ஸ்கசி.டிவைஸுக்கு ஹார்ட் டிஸ்கோடு பேசத் தெரியும், சிடி டிரைவ்கள் பேசும் அட்டாபி மொழி தெரியாது. அந்த மெஷினில் சிடி வரவில்லை என்றால் ஃபைல் சிஸ்டத்தைத் திட்டிப் பயனில்லை.

முதலில் எமுலேட்டரில்

அமிகாவில் நினைவகப் பாதுகாப்பு கிடையாது. ஒரு நிரல் தவறான இடத்தில் எழுதினால் பக்கத்து நிரலின் நினைவகம் கெடும்; அந்தப் பக்கத்து நிரல் உங்கள் ஹார்ட் டிஸ்கின் ஃபைல் சிஸ்டமாகவும் இருக்கலாம். ஆகவே முதல் சோதனையை முக்கியமான தரவு உள்ள மெஷினில் செய்யாதீர்கள். புதிய கணினியில் அமிகாவைப் போல நடிக்கும் மென்பொருளான எமுலேட்டரில் செய்யுங்கள். விண்டோஸில் வின்யூஏஇ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்எஸ்-யூஏஇ, ராஸ்பெர்ரி பை போன்ற சின்னப் பலகைகளில் அமிபெர்ரி இருக்கின்றன. அமிகாவின் அடிப்படை மென்பொருள் அடங்கிய கிக்ஸ்டார்ட் ரோமைச் சட்டப்படி வாங்க அமிகா ஃபாரெவர் தொகுப்பு இருக்கிறது. வின்யூஏஇ-யில் ஏராஸ் என்ற இலவச மாற்று ரோமும் உள்ளேயே உண்டு. ஆனால் அதில் கிடைக்கும் முடிவை அசல் கிக்ஸ்டார்ட்டின் முடிவாக எழுதிவிடக் கூடாது.

அமிகாவின் திரைச்சூழலான வொர்க்பெஞ்சை நிறுவிய ஹார்ட் டிஸ்க் ஃபைலை ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, அந்தப் பிரதியில் வேலை செய்யுங்கள். குலைந்தால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த பிரதி.

வின்யூஏஇ-யில் ஒரு பொறி இருக்கிறது. சிடி, ஹார்ட் டிரைவ்களுக்கான பக்கத்தில் சிடி டிரைவ்களைத் தானாக மவுண்ட் செய்யும் (அமிகாவில் பயன்பாட்டுக்கு இணைக்கும்) ஒரு டிக் பெட்டி உண்டு. அதை டிக் செய்திருந்தால் சிடியைப் படிப்பது எமுலேட்டர் தன்னுடனேயே கொண்டுவந்த ஃபைல் சிஸ்டம். நீங்கள் நிறுவியது ஓரமாகத் தூங்கிக்கொண்டிருக்கும். எல்லாம் பிரமாதமாக வேலை செய்வதாக அறிக்கை எழுதுவீர்கள், ஆனால் சோதித்தது வேறு எதையோ. எனவே அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். பதிலாக வன்பொருள் பக்கத்தில் யூஏஇஸ்கசி.டிவைஸ் என்பதை இயக்குங்கள். அதுதான் உங்கள் ஃபைல் சிஸ்டத்துக்குக் கீழடுக்கு.

மவுண்ட் செய்வது

மென்பொருள் இரண்டு துண்டாக வரும். ஒன்று ஃபைல் சிஸ்டம். அதை எல்: என்ற இடத்தில் போட வேண்டும். இன்னொன்று சிடி0 என்ற சின்ன மவுண்ட் ஃபைல். இது வெறும் எழுத்து ஃபைல்தான், எடிட்டரில் திறந்து பார்க்கலாம். ஃபைல் சிஸ்டம் எங்கே இருக்கிறது, எந்த டிவைஸோடு பேச வேண்டும், யூனிட் எண் என்ன, ஸ்டாக் எவ்வளவு என்று வரிவரியாக இருக்கும்.

டிவைஸ் பெயரையும் யூனிட்டையும் உங்கள் அமைப்புக்கு மாற்றுங்கள். டிவைஸ் பெயரில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு என்பது நினைவிருக்கட்டும். எமுலேட்டரில் முதல் டிரைவ் வழக்கமாக 0. டிரைவை மாட்டும் இணைப்பு இரண்டு வகை. அசல் ஐடிஇ இணைப்பில் மாஸ்டர் 0, ஸ்லேவ் 1. ஸ்கசியில் டிரைவின் ஜம்பரில் வைத்த ஐடி எண்ணே யூனிட். யூனிட்டைத் தப்பாகப் போட்டு ஹார்ட் டிஸ்கை நோக்கித் திருப்பிவிட்டால், ஃபைல் சிஸ்டம் அங்கே சிடியைத் தேடிக்கொண்டிருக்கும். அதனால்தான் எண்ணை இருமுறை பார்க்கச் சொல்கிறேன்.

மவுண்ட் ஃபைலை எங்கே வைப்பது என்பது முக்கியம். டெவ்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் டாஸ்டிரைவர்ஸில் வைத்தால் ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் தானாக மவுண்ட் ஆகும். மென்பொருள் பூட்டிலேயே மெஷினைக் கவிழ்த்தால் அதை எடுப்பதே சிரமமாகிவிடும். ஸ்டோரேஜ் ஃபோல்டருக்குள்ளும் ஒரு டாஸ்டிரைவர்ஸ் இருக்கிறது. அங்கே வைத்தால் நீங்கள் இருமுறை சொடுக்கும்போது மட்டும் மவுண்ட் ஆகும். சோதனை முடியும்வரை அங்கேயே இருக்கட்டும். வேறு சிடி0 ஏற்கெனவே மவுண்ட் ஆகியிருந்தால் அதை வெளியே எடுத்துவிட்டு ரீபூட் செய்த பிறகு தொடங்குங்கள்.

தொடங்கும் முன் ஷெல்லில் (கட்டளை தட்டும் ஜன்னலில்) வெர்ஷன் கட்டளையை அந்த ஃபைல் மீது ஓட்டி, வரும் எண்ணையும் தேதியையும் நோட்டில் எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்து எந்தப் பதிப்பைச் சோதித்தோம் என்று யோசித்துக்கொண்டிருப்பது வீண் வேலை.

சோதனை டிஸ்கை நீங்களே செய்யுங்கள்

கையில் இருக்கும் பழைய சிடிக்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தேவை, உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்கு எழுத்துவிடாமல் தெரிந்த ஒரு டிஸ்க்.

அதற்குமுன் சிடியின் அமைப்பைக் கொஞ்சம். 1985-ல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், தாஹோ ஏரிக்கரையில் இருந்த ஹை சியரா ஹோட்டலில் நிறுவனங்கள் கூடிப் பேசி ஒரு பொது வடிவத்துக்கு வந்தார்கள். அது திருத்தப்பட்டு 1988-ல் ஐஎஸ்ஓ 9660 ஆனது. தரவுச் சிடியில் ஒரு செக்டருக்கு 2048 பைட். 74 நிமிடச் சிடியில் 3,33,000 செக்டர்கள். முதல் 16 செக்டர்களை இந்த வடிவம் தொடுவதில்லை. அடுத்த செக்டரில்தான் சிடியின் பெயர், அளவு, தலைமை ஃபோல்டர் எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் இருக்கின்றன. நான் மேலே சொன்ன அந்த 'ஒரே செக்டர்' இதுதான்.

இனி உங்கள் புதிய கணினியில் ஒரு ஃபோல்டரைத் தயார் செய்யுங்கள். அதில் 0, 1, 2047, 2048, 2049 பைட் அளவில் ஐந்து ஃபைல்கள். செக்டர் எல்லையில் ஒன்று கூட்டியோ குறைத்தோ எண்ணும் பிழை நிரல்களில் சகஜம். இந்த ஐந்தும் அதைப் பிடித்துவிடும். அமிகாவின் லிஸ்ட் கட்டளை, 0 பைட் ஃபைலுக்கு எண்ணைக் காட்டாமல் 'எம்ப்டி' என்று எழுதும். அதைப் பிழை என்று எண்ண வேண்டாம்.

அடுத்து 200 சின்ன ஃபைல்கள் உள்ள ஒரு ஃபோல்டர். ஏன் 200? ஃபோல்டரின் பட்டியலும் செக்டர்களில்தான் எழுதப்படுகிறது. ஒவ்வொரு பதிவுக்கும் 33 பைட், அதோடு பெயரின் நீளம். எட்டு எழுத்துப் பெயரும் மூன்று எழுத்துப் பின்னொட்டும் கொண்ட ஃபைலுக்கு, இடையிலுள்ள புள்ளி, கடைசியில் ஒட்டும் அரைப்புள்ளியும் 1-ம், இரட்டைப்படையாக்கச் சேரும் ஒரு பைட் எல்லாம் சேர்த்து மொத்தம் 48 பைட் ஆகும். ஆக ஒரு செக்டருக்குள் நாற்பது சொச்சம் பதிவுகளே அடங்கும். ஒரு பதிவு பாதியில் வெட்டுப்பட்டு அடுத்த செக்டருக்குப் போகக் கூடாது என்பது விதி. எனவே செக்டரின் கடைசியில் மிஞ்சும் இடம் பூஜ்யங்களால் நிரப்பப்படும். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்ததும் "பட்டியல் முடிந்தது" என்று நின்றுவிடும் மென்பொருளில் முதல் நாற்பது ஃபைல் மட்டும் தெரியும், மற்றவை காணாமல் போகும். சின்ன ஃபோல்டர்களை மட்டும் திறந்து பார்ப்பவர் கண்ணில் இது படவே படாது.

ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு அடுக்கு ஃபோல்டர், அதன் அடியில் ஒரு ஃபைல். ஒரு பெரிய ஃபைல், 50 மெகாபைட் அளவில். இவை போதும்.

இதே ஃபோல்டரை மூன்று விதமாக இமேஜ் (முழுச் சிடியும் அடங்கிய ஒற்றை ஃபைல்) ஆக்குங்கள்: வெறும் ஐஎஸ்ஓ 9660, ஜோலியட் சேர்த்தது, ராக் ரிட்ஜ் சேர்த்தது. விண்டோஸில் இம்க்பர்ன் முதல் இரண்டையும் செய்யும், லினக்ஸில் சோரிசோ மூன்றையும் செய்யும். ஜோலியட் என்பது விண்டோஸ் 95 காலத்தில் மைக்ரோசாஃப்ட் சேர்த்த நீளப் பெயர் வசதி. ராக் ரிட்ஜ் யூனிக்ஸ்காரர்களுடையது. ராக் ரிட்ஜில் அமிகாவுக்கென்றே ஒரு சின்னச் சேர்க்கையும் உண்டு: ஃபைலின் பாதுகாப்பு பிட்களையும் குறிப்பையும் அதில் வைக்கலாம். வெறும் ஐஎஸ்ஓ இமேஜில் பெயர்களுக்குப் பின்னால் அரைப்புள்ளியும் 1-ம் ஒட்டியிருக்கும். நல்ல மென்பொருள் அதை மறைத்துக் காட்டும்.

தமிழில் பெயர் வைத்துப் பாருங்கள்

இந்தச் சோதனையை வெளிநாட்டு ஆர்வலர்கள் செய்யமாட்டார்கள், நம்மால்தான் முடியும். ஜோலியட் பெயர்கள் யூனிகோடில் எழுதப்படுகின்றன. அமிகா அறிந்ததோ மேற்கு ஐரோப்பிய எழுத்துகள் மட்டும். அம்மா, அப்பா என்று இரண்டு ஃபைல்களை ஒரே ஃபோல்டரில் போடுங்கள். நம் கண்ணுக்கு மூன்று மூன்று எழுத்து. யூனிகோடில் புள்ளியும் கால் குறியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் ஐந்தைந்து குறிகள். தெரியாத குறிக்கெல்லாம் ஓர் அடிக்கோடு போடும் மென்பொருளில் இரண்டும் ஐந்து அடிக்கோடுகளாகிவிடும்.

இப்போது பட்டியலில் ஒரே பெயரில் இரண்டு ஃபைல். ஒன்றைத் திறந்தால் எது வரும்? சில மென்பொருள் எப்போதும் முதலாவதையே கொடுக்கும்; டிஸ்கின் பட்டியலில் அப்பாதான் முன்னே வரும் என்பதால் அம்மாவைத் திறக்கவே முடியாது. சில, ஜோலியட்டை விட்டுவிட்டு அதே டிஸ்கில் இருக்கும் எட்டெழுத்துக் குறும்பெயரைக் காட்டும். அழகாக இல்லாவிட்டாலும் ஃபைல் கைக்கு வந்துவிடும். என்னைக் கேட்டால் இரண்டாவதே மேல். உங்கள் மென்பொருள் எதைச் செய்கிறது என்று எழுதுங்கள்.

நீளப் பெயரிலும் இதே சிக்கல் உண்டு. அமிகாவின் வழக்கமான ஹார்ட் டிஸ்க் ஃபைல் சிஸ்டத்தில் பெயருக்கு 30 எழுத்துகளே இடம். ஜோலியட்டில் 64 வரை போகலாம். முதல் 30 எழுத்தும் ஒன்றாக இருந்து பிறகு மாறும் இரண்டு ஃபைல்களை ஹார்ட் டிஸ்குக்குப் பிரதி எடுத்தால் ஒன்று இன்னொன்றின் மேல் ஏறிவிடும். இது சிடி மென்பொருளின் குற்றமல்ல; அறிக்கையில் அதன் தலையில் கட்டாதீர்கள்.

படித்தது சரிதானா?

பெயர்கள் சரி என்றானதும் உள்ளடக்கம். டிஸ்கில் உள்ள அனைத்தையும் அமிகாவின் ஹார்ட் டிஸ்குக்குப் பிரதி எடுங்கள். எமுலேட்டரில் உங்கள் விண்டோஸ் ஃபோல்டர் ஒன்றையே அமிகாவின் டிரைவாகக் காட்ட முடியும் என்பதால், பிரதியை அங்கேயே கொட்டிவிட்டு மூல ஃபைல்களோடு எம்டி5 (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) ஒப்பீடு செய்வது எளிது. படம் திறந்தது, பாட்டு ஒலித்தது என்பதெல்லாம் கணக்கில் சேராது. ஒரு பைட் பிசகினாலும் படம் திறக்கும்.

பிறகு சிடியின் மேல் ஏதாவது எழுத முயலுங்கள். எழுத முடியாது என்ற நாகரிகமான பிழைச் செய்தி வர வேண்டும். இன்ஃபோ கட்டளை, டிஸ்க் 100 சதவீதம் நிரம்பியது, படிக்க மட்டும் என்று காட்ட வேண்டும்.

வேகத்தையும் குறித்துக்கொள்ளலாம். ஒற்றை வேகம் என்றால் நொடிக்கு 1,53,600 பைட். எமுலேட்டரில் இந்த எண்ணுக்குப் பொருளே இல்லை, அசல் மெஷினில் மட்டும் பாருங்கள். அங்கும் அமிகா 1200-ன் ஐடிஇ இணைப்பு தரவை இரண்டிரண்டு பைட்டாகச் செயலியைக் கொண்டே நகர்த்துகிறது, எனவே 32 மடங்கு டிரைவ் மாட்டினாலும் 32 மடங்கு வராது.

டிஸ்கை மாற்றும்போது

பிழைகள் அதிகம் ஒளிந்திருக்கும் இடம் இதுதான், எனவே பாதி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். அமிகா டிஸ்கை டிரைவின் பெயரால் மட்டும் அடையாளம் காண்பதில்லை, டிஸ்கின் சொந்தப் பெயராலும் காண்கிறது. ஒரு ஃபோல்டர் ஜன்னல் திறந்திருக்கும்போது டிஸ்கை எடுத்தால், பிறகு தேவைப்படும்போது "இந்தப் பெயருள்ள டிஸ்கைப் போடு" என்று பெயர் சொல்லிக் கேட்கும். அப்போது அதே டிஸ்கைத் திரும்பப் போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். வேறு டிஸ்கைப் போட்டால் விடாமல் பழையதையே கேட்க வேண்டும்.

ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். ஜன்னல் திறந்திருக்கும்போது எடுப்பது. பெரிய ஃபைல் பிரதியாகிக்கொண்டிருக்கும்போது எடுப்பது. எடுத்துவிட்டு வேறு டிஸ்கைப் போடுவது. காலி டிரைவோடு பூட் செய்து பிறகு டிஸ்க் போடுவது. வெவ்வேறு உள்ளடக்கம், ஆனால் ஒரே பெயர் வைத்த இரண்டு டிஸ்கை மாற்றிப் போடுவதையும் மறக்காதீர்கள். முதல் டிஸ்கின் பட்டியலைக் காட்டிக்கொண்டு இரண்டாவதிலிருந்து செக்டர்களைப் படிக்கும் மென்பொருளை இதில் பிடிக்கலாம்.

நினைவகக் கசிவையும் இங்கேயே பார்த்துவிடலாம். அவெய்ல் கட்டளையை ஃப்ளஷ் என்ற சொல்லோடு ஓட்டி, மிச்ச நினைவகத்தை எழுதிக்கொள்ளுங்கள். டிஸ்கைப் போட்டு, திறந்து, மூடி, எடுத்து என்று இருபது முறை செய்துவிட்டு மறுபடி அதே கட்டளை. கொஞ்சம் ஏற்ற இறக்கம் இயல்பு. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே அளவில் குறைந்துகொண்டே போனால் கசிகிறது. எமுலேட்டரில் எம்எம்யூ (நினைவக முகவரிகளைக் கண்காணிக்கும் செயலியின் பகுதி) வசதியை இயக்க முடிந்தால் மியூஃபோர்ஸ் என்ற கருவியைப் பின்னணியில் ஓட விடுங்கள். தொடவே கூடாத முகவரியை மென்பொருள் தொடும்போதெல்லாம் அது ஒரு பத்தி எழுதும். அந்தப் பத்தியை அப்படியே வெட்டி அனுப்பினால் எழுதியவர் உங்களை வாழ்த்துவார்.

அசல் மெஷினும் அசல் டிஸ்குகளும்

இவ்வளவும் தேறினால் அசல் அமிகாவுக்குப் போகலாம். ஹார்ட் டிஸ்கை முழுதாக நகல் எடுத்த பிறகு. முதலில் கீறலில்லாத, கடையில் வாங்கிய அச்சுச் சிடி. எழுதிய சிடிக்களைச் சில பழைய டிரைவ்கள் மதிப்பதே இல்லை, அது ஃபைல் சிஸ்டத்தின் விஷயமல்ல.

ஐஎஸ்ஓ இமேஜில் அடங்காத இரண்டு வகையை இங்கே பார்க்க வேண்டும். ஒன்று, முதல் ட்ராக்கில் தரவும் மற்றவற்றில் பாட்டும் உள்ள டிஸ்க்; சிடி32 விளையாட்டுகள் பல இப்படித்தான். பாட்டு ட்ராக்கில் போய் ஃபைல்களைத் தேடக் கூடாது. இரண்டாவது, இரண்டு தடவையாக எழுதிய சிடி. முதல் தடவை ஒரு ஃபைல், பழையதை இறக்கிக்கொண்டு இரண்டாம் தடவை இன்னொன்று. இரண்டு ஃபைலும் தெரிய வேண்டும். முதலாவது மட்டும் தெரிந்தால் கடைசி அமர்வை (கடைசித் தடவை எழுதிய பகுதியை) தேடத் தெரியவில்லை என்று பொருள்.

ஏ2091 போன்ற ஸ்கசி அட்டை உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த அட்டை தானே நேராக நினைவகத்தில் எழுதுவது; ஆனால் அதன் கை முதல் 16 மெகாபைட் வரைதான் எட்டும். வேகம் கூட்டும் ஆக்சிலரேட்டர் அட்டையின் நினைவகம் பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கும். மவுண்ட் ஃபைலில் நினைவக வகையைத் தப்பாகக் கொடுத்திருந்தால் குப்பை வரும். எமுலேட்டரில் தேறிய எம்டி5 இங்கே தோற்றால் முதலில் இந்த வரியைப் பாருங்கள்.

எழுதி அனுப்புவது

மென்பொருளின் பதிப்பு, கிக்ஸ்டார்ட் பதிப்பு, செயலி, நினைவகம், டிரைவின் மாடல், டிவைஸின் பெயரும் பதிப்பும், மாற்றிய மவுண்ட் ஃபைல் முழுதாக. பிறகு என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது. திரையில் வந்த எண்களை, குறிப்பாக மெஷின் கவிழும்போது சிவப்புப் பெட்டியில் வரும் குரு எண் என்ற பிழை எண்ணை, ஒரு இலக்கமும் விடாமல் எழுதுங்கள். "சில சமயம் தொங்குகிறது" என்று எழுதாமல், பத்து முறை செய்ததில் எத்தனை முறை தொங்கியது என்று எழுதுங்கள். ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரே ஒரு அமைப்பைத்தான் மாற்றலாம். இரண்டை மாற்றிவிட்டால் எது காரணம் என்று உங்களுக்கே தெரியாது.

உங்களிடம் உள்ள ஏதோ ஒரு டிஸ்க் மட்டும் படிக்க மறுக்கிறது என்றால் எழுதியவருக்கு அந்த டிஸ்க் தேவை. காப்புரிமை உள்ளதை முழுதாக அனுப்ப முடியாது. பெரும்பாலும் முதல் ஒரு மெகாபைட்டை மட்டும் வெட்டி அனுப்பினால் போதும். 16-ம் செக்டரும், பொதுவாக ஃபோல்டர் பட்டியல்களும் அதற்குள் வந்துவிடும். எங்கே இடறுகிறது என்பதை அவர் அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். திருத்திய பதிப்பு வந்ததும் இடறிய டிஸ்கை மட்டும் போட்டுப் பார்த்து நிறுத்திவிடாமல், 200 ஃபைல் ஃபோல்டரிலிருந்து மறுபடி ஒரு சுற்று முழுதாக வாருங்கள். ஒன்றைத் திருத்தும்போது இன்னொன்று பெயர்ந்திருக்கும். அந்தச் சுற்றும் தேறினால் சிடி0-வை ஸ்டோரேஜிலிருந்து டெவ்ஸுக்கு நகர்த்தலாம்.